எச்சில் பட்ட கஞ்சி ஏன் நீர்த்துப் போகிறது?

வாசகர் கேள்வி – பதில்

உமிழ்நீர், மாவுச்சத்து இவை தொடர்பாக வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

*

எட்டு மாதக் குழந்தைக்குக் கேழ்வரகுக் கஞ்சி கெட்டியாகக் காய்ச்சி ஊட்டுகிறேன். பாதி ஊட்டுவதற்குள் கிண்ணத்தில் இருப்பது தண்ணீராகிவிடுகிறது. பாத்திரத்தில் இருப்பதோ அப்படியே கெட்டியாக இருக்கிறது. மாவில் ஏதாவது கலப்படமா?
— இளந்தாய், தர்மபுரி

மாவில் குறை எதுவும் இல்லை. குழந்தையின் வாயிலிருந்து வெளியே வரும் கரண்டி மறுபடியும் கிண்ணத்துக்குள் போகிறதல்லவா? அதில் ஒட்டி வரும் எச்சில்தான் இந்த வேலையைச் செய்கிறது.

எச்சிலில் அமைலேஸ் என்ற நொதி உண்டு. பள்ளிப் பாடத்தில் டயலின் என்று படித்திருப்பீர்கள், இரண்டும் ஒன்றே. கஞ்சிக்குக் கெட்டித்தன்மை கொடுப்பவை மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகள். ஒவ்வொரு சங்கிலியிலும் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் குளுக்கோஸ் கண்ணிகள் கோத்திருக்கும். அமைலேஸ் அவற்றை நுனியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றுவதில்லை. நடுவில் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே வெட்டுகிறது. நீளக் கயிற்றின் நடுவில் நாலு வெட்டு விழுந்தால் பிறகு அதை வைத்து எதையும் கட்ட முடியாது. ஆனால் கயிறு முழுவதும் அங்கேயேதான் கிடக்கும். கஞ்சியும் அப்படித்தான். சர்க்கரை அதிகம் உருவாவதற்கு முன்பே கெட்டித்தன்மை போய்விடுகிறது. வெட்டிய நொதி தீர்ந்துபோவதும் இல்லை, அடுத்த சங்கிலிக்கு நகர்ந்துவிடும். அதனால்தான் கரண்டியில் ஒட்டிய கொஞ்சம் எச்சிலே ஒரு கிண்ணக் கஞ்சிக்குப் போதுமானதாக இருக்கிறது. போதாததற்கு, குழந்தைக்குக் கொடுக்கும் வெதுவெதுப்பான சூடு இந்த நொதிக்கு மிகவும் தோதானது.

நீர்த்துப் போனதால் சத்து குறைந்துவிடவில்லை. வயிற்றுக்குள் நடக்கவேண்டியது கிண்ணத்திலேயே தொடங்கிவிட்டது, அவ்வளவுதான். ஆனால் எச்சிலோடு வாய்க் கிருமிகளும் கஞ்சிக்குள் போயிருக்கும். எனவே கிண்ணத்தில் மீந்ததை அடுத்த வேளைக்கு வைக்காதீர்கள். மறுபடி கொதிக்க வைத்தால் நொதி செயலிழக்கும், ஆனால் வெட்டுப்பட்ட சங்கிலி ஒட்டாது, கஞ்சி கெட்டியாகாது. சுத்தமான கரண்டியால் மூன்று நான்கு கரண்டி மட்டும் சின்னக் கிண்ணத்தில் எடுத்து ஊட்டுங்கள். தீர்ந்ததும் மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள். பாத்திரத்தில் உள்ளது கெட்டியாகவே இருக்கும்.

இதே வேலையை நமக்குச் சாதகமாகவும் செய்துகொள்ளலாம். குழந்தையின் வயிறு சிறியது. தண்ணியாகக் காய்ச்சினால் வயிறு நிறையும், சத்து போதாது. கெட்டியாகக் காய்ச்சினால் விழுங்க மறுக்கும். இதற்கு முளைகட்டிய கேழ்வரகு மாவு உதவும். முளைவிடும் தானியத்திலும் அமைலேஸ் சுரக்கிறது. 30 கிராம் சாதாரண கேழ்வரகு மாவை 150 மில்லி தண்ணீரில் நன்றாக வேகவைத்துக் கெட்டியாக இறக்குங்கள். ஐந்தாறு நிமிடம் ஆறட்டும். 60 முதல் 65 டிகிரி செல்சியஸ், அதாவது விரலை வைத்தால் ஒரு நொடிக்கு மேல் தாங்காத சூடு. அப்போது முளைகட்டிய மாவு அரை டீஸ்பூன் சேர்த்துக் கிளறி, 10 நிமிடம் மூடி வையுங்கள். கஞ்சி இளகிவிடும். பிறகு கட்டாயம் இரண்டு மூன்று நிமிடம் கொதிக்க விடவேண்டும், ஏனென்றால் முளைகட்டும் ஈரத்தில் கிருமிகளும் பெருகியிருக்கும். அதன்பின் ஆறவைத்து ஊட்டலாம்.

இதில் வழக்கமாக நடக்கும் தவறுகள் இரண்டு. கொதிக்கும் கஞ்சியிலேயே முளைமாவைக் கொட்டிவிடுவது ஒன்று. நொதி உடனே செத்துவிடும், கஞ்சி அசையாது. முளைகட்டிய தானியத்தை வாசனை வரும் வரை வறுத்து அரைப்பது இன்னொன்று. அதிலும் நொதி மிஞ்சாது. கேழ்வரகை 10 முதல் 12 மணி நேரம் ஊறவைத்து, ஈரத்துணியில் 24 முதல் 36 மணி நேரம் கட்டி வைத்து, நன்றாக உலர்த்தி, வேர்முளையைத் தேய்த்து உதிர்த்துவிட்டு, வறுக்காமல் அரைக்கவேண்டும். கடையில் வாங்கிய மாவில் உயிர் இருக்கிறதா என்று அறிய, சூடான கெட்டிக் கஞ்சியில் அரை டீஸ்பூன் போட்டுப் பாருங்கள். பத்து நிமிடத்தில் இளகவில்லை என்றால் அது வறுபட்ட மாவு.

*

உமிழ்நீர்ச் செய்முறையில் எனக்கு இரண்டு சிக்கல். சாதாரணக் குழாயில் உமிழ்நீர் விட்டதுமே, மாவுச்சத்தில் அயோடின் காட்டும் நீலம் போய்விட்டது, நேரம் குறிக்கவே முடியவில்லை. காரம் சேர்த்த குழாயில் நொதி வேலை செய்யாது என்கிறது புத்தகம். ஆனால் அதிலும் நீலம் வரவில்லை. எங்கே தவறினேன்?
— பிளஸ் ஒன் மாணவி, திண்டுக்கல்

இரண்டுக்கும் காரணம் வெவ்வேறு. இரண்டாவது சிக்கலில் தவறு உங்களுடையதே அல்ல, அயோடினுடையது.

முதல் சிக்கல், உமிழ்நீர் அடர்த்தியாக இருந்ததால் வந்தது. வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு, 20 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரை ஒரு நிமிடம் வாயில் வைத்துச் சுழற்றி, பீக்கரில் துப்பி, பஞ்சு வைத்த புனல் வழியாக வடிகட்டுங்கள். இந்த நீர்த்த உமிழ்நீரே போதும். மாவுச்சத்துக் கரைசல் 1 சதவீதம்: 1 கிராம் மாவைக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் குழைத்து, கொதிக்கும் 90 மில்லி தண்ணீரில் கலக்கிக்கொண்டே ஊற்றி, ஒரு நிமிடம் கொதித்ததும் இறக்கி, 100 மில்லியாக்குங்கள். உள்ளங்கையில் சூடு தெரியாத அளவு ஆறின பிறகுதான் பயன்படுத்தவேண்டும். சூடாக இருக்கும்போதே உமிழ்நீரைச் சேர்த்துவிட்டு, நொதி வேலை செய்யவில்லை என்று முடிவு எழுதுபவர்கள் நிறையப் பேர்.

குழாயில் 5 மில்லி மாவுச்சத்துக் கரைசல், 6.8 பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு) உள்ள, அதை மாறாமல் வைத்திருக்கும் தாங்கல் கரைசல் 2 மில்லி, 1 சதவீத உப்புக்கரைசல் 1 மில்லி விட்டு, 37 டிகிரி நீர்த்தொட்டியில் ஐந்து நிமிடம் வையுங்கள். உப்பு வெறும் சடங்கல்ல. உமிழ்நீர் அமைலேஸ் முழு வேகத்தில் ஓடக் குளோரைடு அயனி வேண்டும். உமிழ்நீரை நீர்க்கும்போது அதுவும் குறைந்துவிடுகிறது. பிறகு நீர்த்த உமிழ்நீர் 1 மில்லி சேர்த்து நேரத்தைக் குறியுங்கள். வெள்ளைப் பீங்கான் ஓட்டின் குழிகளில் முன்கூட்டியே ஒவ்வொரு சொட்டு அயோடின் விட்டு வைத்திருங்கள். நிமிடத்துக்கு ஒரு சொட்டு எடுத்து ஒரு குழியில் விடவேண்டும். குழாய்க்குள்ளேயே அயோடினை ஊற்றக் கூடாது. அது நொதியையும் தடுக்கும்.

முதலில் கருநீலம், பிறகு ஊதா, அடுத்து செம்பழுப்பு, கடைசியில் அயோடினின் சொந்த வெளிர் மஞ்சள். இந்த வரிசை ஏன் வருகிறது என்று தெரிந்துகொண்டால் வாய்மொழித் தேர்வில் தடுமாற மாட்டீர்கள். மாவுச்சத்தின் ஒரு வகையான அமைலோஸின் சங்கிலி சுருள்கம்பி போல் சுருண்டிருக்கும், ஒரு சுற்றுக்கு ஆறு குளுக்கோஸ். அந்தச் சுருளின் துளைக்குள் அயோடின் வரிசையாக உட்காரும்போது நீலம் தெரிகிறது. சங்கிலி குட்டையாகக் குட்டையாக அயோடின் வரிசையும் குட்டையாகி, நிறம் சிவப்புப் பக்கம் நகர்கிறது. மிகக் குட்டைத் துண்டில் சுருளே இல்லை, நிறமும் இல்லை. மஞ்சள் வர ஐந்து முதல் பத்து நிமிடம் ஆனால் உங்கள் நீர்த்தல் சரி. இரண்டு நிமிடத்துக்குள் வந்தால் உமிழ்நீரை இன்னும் நான்கு மடங்கு நீர்த்துக்கொள்ளுங்கள். உமிழ்நீரின் திறன் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் பக்கத்து மேசைத் தோழியின் நேரத்தோடு ஒப்பிட வேண்டாம்.

இரண்டாவது சிக்கலுக்கு வருவோம். காரக் கரைசலில் அயோடின் வேறு சேர்மங்களாக மாறிவிடும், அதன் நிறமே போய்விடும். மாவுச்சத்து முழுதாக இருந்தாலும் நீலம் வராது. பார்ப்பவருக்கு நொதி எல்லாவற்றையும் செரித்துவிட்டது போலத் தோன்றும். தீர்வு எளிது: காரக் குழாயின் சொட்டை ஓட்டில் விட்டதும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஓரிரு சொட்டு சேர்த்து, அதன்பின் அயோடின் விடுங்கள். நீலம் வந்துவிடும்.

சூட்டிலும் இதேபோன்ற ஏமாற்று உண்டு. கொதிநீரிலிருந்து எடுத்த குழாயில் நேரடியாக அயோடின் விட்டால், சுருள் தளர்ந்து நீலம் மறையும், ஆறியதும் திரும்பும். எனவே ஆறவைத்த பிறகே சோதியுங்கள். பனிக்கட்டியில் வைத்த குழாயைச் சோதித்ததும் கொட்டிவிடாமல் 37 டிகிரிக்கு மாற்றிப் பாருங்கள், நொதி மறுபடி ஓடும். கொதிக்க வைத்த உமிழ்நீருக்கு அந்த வாய்ப்பு இல்லை. குளிரில் தூங்குவதற்கும் சூட்டில் சாவதற்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக எந்தப் படமும் காட்டாது.

சர்க்கரையைக் கண்டறியும் பெனடிக்ட் சோதனையில் செங்கல் நிறம் வந்ததும் ‘குளுக்கோஸ் உருவானது’ என்று எழுதாதீர்கள். உருவாவது பெரும்பாலும் மால்டோஸ் (இரண்டு குளுக்கோஸ் சேர்ந்தது), மால்டோட்ரையோஸ் (மூன்று சேர்ந்தது), கிளைத்துண்டுகளான டெக்ஸ்ட்ரின்கள். கிளை பிரியும் இடத்து இணைப்பை அமைலேஸால் வெட்ட முடியாது.

*

‘நொறுங்கத் தின்றால் நூறு வயது’ என்கிறார்கள். சோற்றை நன்றாக மென்றால்தான் மாவுச்சத்து செரிக்குமா? பல் இல்லாத என் தந்தையார் குழையச் சோறு சாப்பிட்டு அப்படியே விழுங்குகிறார்.
— வாசகர், மன்னார்குடி

உங்கள் அப்பாவுக்குச் சோறு செரிக்கும், கவலை வேண்டாம். வாயில் உணவு தங்குவது சில நொடிகள். அதற்குள் செரிக்கும் மாவுச்சத்து நூற்றுக்கு ஐந்தைத் தாண்டாது. விழுங்கிய பிறகுதான் உமிழ்நீரின் பெரும்பங்கு வேலை நடக்கிறது. இரைப்பையின் மேற்பகுதியில் உணவுக் கவளம் உடனே அமிலத்தோடு கலந்துவிடுவதில்லை. உள்ளே கொஞ்ச நேரம் நடுநிலையாகவே இருக்கும். அமிலம் ஊறி பிஎச் 4க்குக் கீழே இறங்கும் வரை அமைலேஸ் வெட்டிக்கொண்டே இருக்கும். இப்படி 30 முதல் 40 சதவீதம் வரை மாவுச்சத்து உடையக்கூடும். மிச்சத்தைக் கணைய நீரின் அமைலேஸ் பார்த்துக்கொள்கிறது, கடைசிக் குளுக்கோஸ் வெட்டு சிறுகுடல் சுவரின் நொதிகளால் நடக்கிறது. மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி செலுத்தப்படுபவர்களுக்கும் மாவுச்சத்து செரிக்கத்தான் செய்கிறது.

அப்படியானால் பழமொழி பொய்யா? இல்லை. மெல்லுவதன் பெரிய பயன் உடைப்பது. சோளக்கதிர் தின்ற மறுநாள் முழு மணிகள் அப்படியே மலத்தில் வருவதைப் பார்த்திருப்பீர்கள். தோலும் செல்சுவரும் செல்லுலோஸால் ஆனவை. அதிலும் குளுக்கோஸ்தான், ஆனால் இணைப்பு வேறு வகை, மனித நொதி எதுவும் அதைத் தொடாது. சுவர் உடையாவிட்டால் உள்ளே இருக்கும் மாவுச்சத்தை அமைலேஸ் நெருங்கவே முடியாது. அது பெருங்குடல் வரை போய் அங்குள்ள பாக்டீரியாவுக்கு உணவாகி வாயுவாகிறது. ஆகவே அப்பாவுக்குச் சோளமும் சுண்டலும் மசித்துக் கொடுங்கள். குழைந்த சோற்றுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

நொதியின் வேலையை நாக்கிலேயே அறிய, குழம்பு ஊற்றாத வெறும் சோற்றை விழுங்காமல் இரண்டு நிமிடம் மெல்லுங்கள். லேசாக இனிக்கும். மால்டோஸின் இனிப்பு சீனியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு என்பதால் பாயசம் அளவுக்கு எதிர்பார்க்க வேண்டாம். சிலருக்குச் சீக்கிரம் இனிக்கும். உமிழ்நீர் அமைலேஸுக்கான மரபணு ஒருவருக்கு இரண்டு மூன்று பிரதிகளும் இன்னொருவருக்குப் பத்துக்கு மேலும் இருக்கலாம். 2007இல் வெளியான ஆய்வில், தலைமுறை தலைமுறையாக மாவுச்சத்து உணவை நம்பி வாழும் ஜப்பானியர், தான்சானியாவின் ஹட்ஸா மக்கள் போன்றோரிடம் பிரதிகள் சராசரியாக அதிகமாகவும், மீன், இறைச்சி, பால் சார்ந்து வாழும் சைபீரியாவின் யாகுத் மக்கள் போன்றோரிடம் குறைவாகவும் இருந்தன.

*

என் 17 வயது மகள் அரிசி டப்பாவில் கைவிட்டுப் பச்சரிசியை அள்ளித் தின்றுகொண்டே இருக்கிறாள். ‘கல்யாணத்தன்று மழை கொட்டும்’ என்று பாட்டி கேலி செய்கிறார். இது செரிக்குமா?
— வாசகி, விருத்தாசலம்

அரைகுறையாகத்தான். வேகாத அரிசியில் மாவுச்சத்துச் சங்கிலிகள் மணிமணியாக, படிகம் போல் நெருங்கி அடுக்கப்பட்டிருக்கின்றன. அமைலேஸ் நுழைய இடுக்கு குறைவு. தண்ணீரில் 60 முதல் 78 டிகிரிக்குள் சூடாகும்போது, அரிசியின் வகையைப் பொறுத்து, அந்த அடுக்கு குலைந்து மணி நீரை உறிஞ்சி வீங்கும். சோறு வேகுவது என்பது இதுதான். பச்சையாகத் தின்றால் வயிறு உப்பும், பல்லும் தேயும்.

ஆனால் நீங்கள் கேட்டதைவிடக் கேட்காதது முக்கியம். பச்சரிசி, சாம்பல், சாக்பீஸ், ஐஸ்கட்டி இவற்றின் மேல் அடக்க முடியாத ஆசை வருவது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கலாம். மாதவிடாய் இரத்தப்போக்கு அதிகம் உள்ள பெண்பிள்ளைகளிடம் அடிக்கடி காணப்படுவது. கேலியை நிறுத்திவிட்டு, ஹீமோகுளோபினும், உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்த்துவிடுங்கள். ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. 12க்கு மேல் இருந்தும் ஃபெரிட்டின் குறைவாக இருந்தால் இரும்பு இருப்பு கரைந்துவருகிறது என்று பொருள். மருத்துவர் தரும் இரும்பு மாத்திரையைக் காபி, டீயோடு சேர்த்து விழுங்கக் கூடாது. அவை இரும்பை உறிஞ்சவிடாது. இரும்பு ஏறத் தொடங்கியதும் அரிசி மேல் உள்ள ஆசை பெரும்பாலும் தானே அடங்கிவிடும். திட்டி அடக்கவேண்டிய பழக்கம் இல்லை இது.

*

நாயின் எச்சிலிலும் அமைலேஸ் உண்டா? எங்கள் நாய் தயிர்சாதம்தான் தின்கிறது.
— வாசகர், தென்காசி

சொல்லும்படி இல்லை. நாய்க்கு மாவுச்சத்து செரிப்பது கணைய அமைலேஸால். ஓநாய்க்கு அந்த மரபணு இரண்டு பிரதிதான். நாய்க்கு 4 முதல் 30 வரை இருப்பதை 2013இல் ஓர் ஆய்வு காட்டியது. மனிதரின் சோற்றுப் பானையை ஒட்டி வாழ்ந்ததன் தடம் அது. சோறு குழைய வெந்திருக்கட்டும், கூடவே புரதமும் வேண்டும்.

*

சர்க்கரை நோய்க்கு வோக்ளிபோஸ் மாத்திரையும் கிளிமிபிரைடும் தந்திருக்கிறார்கள். வோக்ளிபோஸை முதல் கவளத்தோடு போடச் சொன்னார் மருத்துவர். சாப்பிட்ட பிறகு போட்டால் என்ன?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி

பயன் பெரிதும் குறைந்துவிடும். அமைலேஸ் வெட்டிக் கொடுக்கும் மால்டோஸ் துண்டுகளைக் குளுக்கோஸாக உடைப்பவை சிறுகுடல் சுவரின் நொதிகள். வோக்ளிபோஸும், அதே வகை மாத்திரையான அகார்போஸும் அந்த நொதிகளின் பிடியில் மாவுச்சத்துக்கு முன்பே போய் உட்கார்ந்துகொள்ளவேண்டும். சோறு முதலில் வந்துவிட்டால் மாத்திரைக்கு வேலை இல்லை. உடையாத மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போவதால் முதல் சில வாரம் வாயுத்தொல்லை இருக்கும். குறைந்த அளவில் தொடங்குவது அதனால்தான்.

இதைவிடக் கவனமாக நினைவில் வைக்கவேண்டியது ஒன்று உண்டு. கிளிமிபிரைடால் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து வியர்வை, நடுக்கம் வந்தால், சீனியோ வெல்லமோ பிஸ்கட்டோ உடனே உதவாது. சீனியும் அதே குடல் நொதியால்தான் உடையவேண்டும், அதைத்தான் மாத்திரை தடுத்து வைத்திருக்கிறது. மருந்துக்கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் பவுடர் 15 கிராமைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். 15 நிமிடம் கழித்துச் சோதித்து, சர்க்கரை இன்னும் டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் மறுபடி 15 கிராம். வீட்டில் உள்ள எல்லோருக்கும் இதைச் சொல்லி வையுங்கள். அந்த நேரத்தில் நீங்கள் சொல்லும் நிலையில் இருக்க மாட்டீர்கள்.

*

மகனுக்குப் பொன்னுக்குவீங்கி. இரத்தப் பரிசோதனையில் அமைலேஸ் மிக அதிகம் என்று வந்திருக்கிறது. கணையம் கெட்டுவிட்டதா?
— வாசகர், கோவில்பட்டி

இரத்தத்தில் அளக்கும் அமைலேஸில் கணையத்திலிருந்து வருவதும் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து வருவதும் கலந்தே இருக்கும். காதடியில் வீங்கியிருக்கும் பரோட்டிட் சுரப்பிதான் உமிழ்நீர் அமைலேஸின் முக்கிய ஊற்று. அது அழற்சியுற்றால் நொதி இரத்தத்தில் கசியும். கணையமா என்று பிரித்தறிய, கொழுப்பைச் செரிக்கும் கணைய நொதியான லைபேஸ் பரிசோதனை செய்வார்கள். உமிழ்நீர்ச் சுரப்பி வீக்கத்தில் அது பொதுவாக உயராது. மேல்வயிற்றில் கடும் வலி, ஓயாத வாந்தி இருந்தால் மட்டும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள், சிலருக்கு இந்த வைரஸ் கணையத்தையும் தாக்கும். வீக்கம் வடியும் வரை புளிப்பு கொடுக்காதீர்கள். சுரப்பி வேகமாகச் சுரக்க முயன்று வலி கூடும்.

*

பக்கவாதத்துக்குப் பிறகு அம்மாவுக்குத் தண்ணீர் புரையேறுகிறது. கெட்டியாக்கும் பவுடர் கலந்து கொடுக்கிறோம். முதல் ஐந்தாறு கரண்டி சரியாகப் போகிறது, பிறகு இருமல் வந்துவிடுகிறது.
— வாசகி, நாகர்கோவில்

பவுடர் டப்பாவின் உட்பொருள் பட்டியலைப் படியுங்கள். சோள மாவுச்சத்து என்று இருந்தால், தர்மபுரி வாசகியின் கஞ்சிக்கு நடந்ததே உங்கள் டம்ளரிலும் நடக்கிறது. வாயிலிருந்து வந்த கரண்டி டம்ளருக்குள் போனதும் எச்சில் அதை நீர்த்துவிடுகிறது. கஞ்சியில் அது தொல்லை மட்டும்தான். உங்கள் அம்மாவுக்கோ நீர்த்த திரவம் நுரையீரலுக்குள் இறங்கும் ஆபத்து. சாந்தன் பிசின் சார்ந்த பவுடரை அமைலேஸ் வெட்டாது. விழுங்குதல் பயிற்சி தரும் நிபுணரிடம் கேட்டு அதற்கு மாறுங்கள். அளவும் மாறும், பழைய பவுடரின் கரண்டிக் கணக்கை இதற்குப் போடக் கூடாது, பிசின் குறைவாகவே போதும்.

மாறும் வரை, ஒரு வேளைக்கு 30 மில்லி மட்டும் தனிக் கிண்ணத்தில் எடுங்கள், டம்ளரில் எச்சில் கரண்டி படவேண்டாம். கிண்ணத்தில் உள்ளது இளகிவிட்டால் கொட்டிவிட்டுப் புதிதாக எடுங்கள். அதன்மேல் பவுடரைத் தூவிக் கெட்டியாக்க முயலாதீர்கள். நொதி உள்ளேயே இருக்கிறது, புதிய பவுடரையும் வெட்டும். அரை வாய் விழுங்காமல் வைத்துக்கொள்ளும் பழக்கம் அம்மாவுக்கு இருந்தால், கிண்ணத்தில் கெட்டியாக இருந்தும் வாயிலேயே இளகிவிடும். ஒவ்வொரு கரண்டிக்குப் பிறகும் விழுங்கிவிட்டாரா என்று தொண்டை அசைவைப் பார்த்த பின்பே அடுத்த கரண்டி கொடுங்கள்.